அறைக்கு வெளியே வைத்த தண்ணீர்

“உம்மை உள்ளை விட்டால் ஒரு செம்புத் தண்ணியோடை எங்கட பிள்ளையை வேதக்காரப் பிள்ளையாக்கிப் போடுவீர்” என்று அந்த அம்மா என் முகத்துக்கு நேரே சொன்னார்.

நான் சரவணை என்ற அந்த ஊருக்கு அரசாங்க மருத்துவமாதுவாக வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சைக்கிளைப் படலையோடு சாய்த்துவிட்டு, அவருடைய கர்ப்பிணி மருமகளைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னேன். அதற்குக் கிடைத்த பதில் அது. அவர் கோபப்படவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போல, நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லும் குரலில் சொன்னார். மருமகள் யன்னலுக்கு உட்புறம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தான். கோயில் திருவிழாவுக்கு மட்டும்தான் வருவான். ஆகவே அந்த வீட்டில் அம்மா சொல்வதுதான் முடிவு.

அவருடைய பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. கிறிஸ்தவளான எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். தண்ணீர் ஊற்ற நானும் பழக்கப்பட்டவள்.

நான் ஊர்காவற்றுறையில் பிறந்தவள். அப்பு கடற்றொழில் செய்தவர். அப்புவுக்கும் அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடப் படி ஏறியவளும், எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவளும், பயிற்சி முடித்து வெள்ளைச் சீலை உடுத்தவளும் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேச வகுப்பில் ஒரு பாடம் இருந்தது. சாகும் நிலையில் உள்ள ஒரு குழந்தைக்குக் குருவானவர் வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால், யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பழைய துணியைச் சுருட்டி ஒரு பொம்மை செய்து வாங்குப் பலகையில் கிடத்துவார்கள். நாங்கள் ஒவ்வொருவராக வந்து கோப்பையால் நீரை அதன் நெற்றியில் வார்த்து வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். தண்ணீர் சொட்டினால் போதாது, ஓட வேண்டும். நான் ஊற்றினால் அழகாக ஓடும். அதற்காக என்னை எல்லோருக்கும் முன்னால் பாராட்டினார்கள்.

எனக்கு வேலை கிடைத்தபோது என் அம்மா எங்கள் வேதக்கோயிலில் இருந்து ஒரு சின்னப் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்தார். அதை என் பையில், கத்தரிக்கோலுக்கும் பஞ்சுக்கும் நடுவில், துணியில் சுற்றிச் செருகினார்.

“சைவச் சனத்துக்குள்ளை போறாய். சாகப்போற குழந்தை எண்டால் யோசிச்சுக்கொண்டு நிக்காதை, ஊத்திப்போட்டு வா. ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை” என்றார்.

நான் போத்தலை எடுத்துக் குசினித் தட்டில் வைத்தேன்.

“ஒருத்தருக்கும் தெரியாமல் செய்ய எனக்கு ஏலாது அம்மா.”

“ஏனாம்?”

“பிள்ளை அவையின்ர.”

“படிச்ச திமிர்.”

“ஓம், படிச்ச திமிர்தான்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

என் விசுவாசத்தை நான் மறைத்தவள் அல்ல. மற்றவர்களும் அதை அறிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன், இன்றும் ஆசைப்படுகிறேன். அது எனக்குத் தந்த தைரியத்தைப் பார்த்தவர்கள், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். ஆனால் ஒரு தாய் வலியில் கண்ணை மூடிக் கிடக்கும்போது அவளுடைய பிள்ளையின் தலையில் நான் இரகசியமாகச் செய்கிற எதையும் அவளுக்கு நான் கொடுத்ததாகச் சொல்ல முடியாது.

அந்த மருமகளைப் பற்றி அயலில் விசாரித்தேன். அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை. முதலாவது பிறந்தபோது மூச்சு விடவில்லை. அப்போது அறையில் இருந்தவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அவள் அதன் முகத்தைப் பார்க்கவில்லையாம். இந்த முறையும் பிள்ளை அப்படியே பிறந்தால், என்னை அந்த வீட்டுக்குள் விடுகிறார்களா இல்லையா என்பதில்தான் அதன் உயிர் இருந்தது. எனக்கு அது தெரிந்திருந்தது. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் என்னைப் படலையிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்.

அவர் அப்படி அனுப்பவில்லை. நான் போகும்போதெல்லாம் விறாந்தையில் கிடந்த பழைய வாங்கைக் காட்டுவார். வாசலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மருமகள் இடையில் வந்து நின்று கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்க விடவில்லை.

ஒருநாள் அந்த அம்மா என் கழுத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“உந்தச் சிலுவையைக் கழட்டிப்போட்டு வரேலாதோ?”

“ஏலாது அம்மா. கழட்டிப்போட்டு வந்தால் நான் ஆரெண்டு உங்களுக்கு ஒளிச்ச மாதிரி. ஒளிக்கிறவளை நீங்கள் எப்பிடி உள்ளை விடுவியள்?”

அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார்.

“கதைக்கத் தெரிஞ்ச பெட்டைதான் நீர். ஆனால் தண்ணிக்கு என்ன சொல்லுறீர்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “தண்ணி முழுக்க உங்கட கையிலையே இருக்கட்டும். நான் தொடமாட்டன். எனக்கு வேணுமெண்டால் உங்களிட்டைக் கேக்கிறன்” என்றேன்.

பாதி வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் வேடிக்கையாக எடுக்கவில்லை.

“சத்தியமோ?”

“நான் சொன்னால் சொன்னதுதான்.”

“அப்ப வாரும்” என்று எழுந்து வாசலை விட்டு விலகினார். அன்றுதான் முதல்முறை அந்த வீட்டுக்குள் போய், அவளைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றில் காதை வைத்துக் குழந்தையின் இருதயத் துடிப்பைக் கேட்டேன். நன்றாக இருந்தது. அவளிடம் சொன்னபோது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, “போனமுறையும் வயித்துக்குள்ளை நல்லாத்தான் துடிச்சது, மிசி” என்றாள். மருத்துவமாதுவை அங்கே மிசி என்றுதான் கூப்பிடுவார்கள்.

வலி தொடங்கிவிட்டதென்று ஆள் வந்து சொன்னபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது அறையைப் பார்த்து ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. அறையில் ஒரு துளி தண்ணீர் இல்லை. வாளி, குடம், கேத்தில் எல்லாம் வாசலுக்கு வெளியே வரிசையாக இருந்தன. வலியில் கிடக்கிறவள் குடிப்பதற்கு வைத்த செம்பைக்கூட எடுத்துப் போயிருந்தார்கள். அம்மா வாசற்படியில், வாளிக்கு முன்னால், சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு இருந்தார்.

“என்ன அம்மா இது?”

“நீர்தானே சொன்னனீர்.”

“நான் கை கழுவ வேணும்.”

“வெளியிலை வாரும். நான் வாக்கிறன்.”

வெளியே போனேன். அவர் செம்பால் வார்க்க, நான் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். முழங்கை வரை கழுவ வேண்டும் என்றேன். முழங்கை வரை வார்த்தார். உள்ளே மருமகள், “மாமி, தண்ணி தாங்கோ” என்று முனகினாள். அம்மா தானே கொண்டுபோய் அவள் வாயில் ஊற்றிவிட்டு, செம்பைத் திரும்பவும் வெளியே கொண்டுபோனார். விறாந்தையில் கூடியிருந்த அயல் பெண்களில் ஒருத்தி, “உதென்ன, கள்ளுத் தவறணைக்குக் காவல் இருக்கிற மாதிரி” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கிய வேளையில் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. உடம்பு துவண்டு, உதடு நீலமாக, சத்தமில்லாமல் என் கையில் கிடந்தது.

வாயில் இருந்த சளியைக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். முதுகைத் தேய்த்தேன். உள்ளங்காலில் சுண்டினேன். ஒன்றும் இல்லை. தாய் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்க்கவில்லை. இன்னொரு வழி எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். குளிர்ந்த தண்ணீரை நெஞ்சில் சட்டென்று தெளித்தால் சில குழந்தைகள் திடுக்கிட்டு மூச்சை இழுக்கும்.

அம்மா செம்போடு வாசலில் நின்றார். எட்டிப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் அவர் தடுத்திருப்பார், அந்தத் தள்ளுமுள்ளில் நேரம் போயிருக்கும். இது இன்று யோசித்துச் சொல்கிற காரணம். அப்போது என் மனதில் இருந்தது ஒன்றுதான்: தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

“அம்மா, கிட்ட வாங்கோ. நீங்களே தெளியுங்கோ. நெஞ்சிலை.”

அவர் அசையவில்லை.

“தலையிலை இல்லை, நெஞ்சிலை. கெதியா.”

அவர் வந்து ஒரு கை அள்ளி வீசினார். பாதி என் சீலையில் விழுந்தது. இன்னொரு கை அள்ளினார். அது சரியாகப் பட்டது. குழந்தை இரண்டு கையையும் விரித்து ஒரு தடவை விக்கியது. பிறகு பெரிய குரலில் அழுதது. விறாந்தையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அம்மா செம்பை அறைக்குள்ளேயே கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

குழந்தையைத் துடைத்துத் தாயின் பக்கத்தில் கிடத்திய பிறகு அவர் மெல்லக் கேட்டார்.

“நான் தெளிக்கேக்கை நீர் வாய்க்குள்ளை என்னவோ சொன்னனீர்.”

“ஓம். செபம் சொன்னனான்.”

“என்ன செபம்?”

“‘ஆண்டவரே, இந்தப் பிள்ளையைத் தாய்க்குக் குடும்’ எண்டு. வேறை ஒண்டும் இல்லை.”

“நான் பிள்ளையாரைக் கூப்பிட்டனான்” என்றார். பிறகு, “ஆர் கேட்டது எண்டு எப்பிடித் தெரியும்?” என்றார்.

“நான் கூப்பிட்டவரைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும் அம்மா. நீங்கள் ஒருநாள் கேட்டால் சொல்லுவன்.”

“இப்ப வேண்டாம்” என்றார். அதில் எனக்கு ஏமாற்றம் இல்லை. ‘இப்ப’ என்றுதானே சொன்னார்.

பிள்ளை பிறந்த வீடு துடக்கு வீடு, தீட்டு உள்ள வீடு. துடக்குக் கழியும்வரை அயலவர்கள் அங்கே வாய் நனைக்கமாட்டார்கள். வாசலில் நின்று குழந்தை எப்படி என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் என் கடமைக்குத் தேவையானதைவிட அடிக்கடியே போனேன். ஒருநாள் வெயிலில் சைக்கிள் ஓடி வந்த களைப்பில், “அம்மா, தேத்தண்ணி இருக்கோ?” என்று கேட்டேன். அவர் திகைத்துப்போனார்.

“துடக்கு வீடு பிள்ளை.”

“எனக்குத் துடக்கு இல்லை. தாங்கோ.”

அவர் குசினிக்குள் போனார். தேநீர் வருவதற்கு முன் ஒரு கதிரை வந்தது. மகனுடைய அறையில் இருந்து அவரே தூக்கி வந்து வைத்தார். நாங்கள் கடற்றொழில் செய்கிற குடும்பம் என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் எங்கள் ஆட்களுக்குக் கதிரை போட்ட வழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்து குடித்தேன்.

துடக்குக் கழிவதற்குச் சில நாட்கள் முன்னர், மருமகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டாள். அதற்குள் அவள் என்னை மிசி என்று கூப்பிடுவதை விட்டிருந்தாள்.

“அக்கா, முதல் பிள்ளை எங்கை போயிருக்கும்?”

வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த விடை ஒன்று இருந்தது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் மோட்சத்துக்குள் போகாமல் தங்கும் இடத்தைப் பற்றிய விடை. பரீட்சையில் அதை எழுதி முழுப் புள்ளியும் எடுத்தவள் நான். அந்தப் பாயில், அவளுடைய முகத்துக்கு முன்னால், அது என் வாயில் வரவில்லை. லத்தீனில் இருந்த பூசை தமிழில் ஆன பிறகு நானே காதால் கேட்டு விளங்கிய ஒன்றைத்தான் சொன்னேன்.

“நான் கும்பிடுறவரிட்டைத் தாய்மார் பிள்ளையளைக் கொண்டு வந்தவையாம். அவரோடை நிண்ட சீடர்மார், ‘உவரைக் கரைச்சல் படுத்தாதையுங்கோ’ எண்டு கலைச்சவை. அவர் சீடர்மாரைத்தான் ஏசினவர். பிள்ளையளைத் தூக்கி அணைச்சு ஆசீர்வதிச்சவர். அந்தத் தாய்மாரிட்டை, ‘நீ ஆர், எந்தக் கோயில்’ எண்டு ஒண்டும் கேக்கேல்லை.”

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அப்ப என்ர பிள்ளையையும் தூக்கியிருப்பாரோ?”

“தூக்கியிருப்பார். நான் அப்பிடித்தான் நம்பிறன்.”

“முகம் பாத்திருப்பார் என்ன?”

“ஓம். முகம் பாத்திருப்பார்.”

அவள் அழுதாள். பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தவில்லை. குசினியில் அம்மா அரைத்துக்கொண்டிருந்த அம்மிச் சத்தம் எப்போது நின்றதென்று நான் கவனிக்கவில்லை. அவர் மஞ்சள் பிடித்த கையோடு வாசலில் வந்து நின்றார்.

“அந்தக் கதையை இன்னொருக்கால் சொல்லும்” என்றார்.

முதலில் இருந்து சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்காவற்றுறைக்குப் பூசைக்குப் போவேன். செய்தி எனக்கு முன்னரே அங்கே போயிருந்தது. கோயில் முற்றத்தில் பெண்கள், “எத்தினை பேரை மாத்தினனீ?” என்று கேட்டார்கள். “ஒருத்தரையும் மாத்தேல்லை. கதை சொன்னனான், தேத்தண்ணி குடிச்சனான்” என்றேன். “உதுக்கோ படிச்சது?” என்றாள் ஒருத்தி. உதுக்குத்தான் என்றேன்.

என் அம்மாவின் கேள்வி அப்படி இலேசானதல்ல. வீட்டில் மீன் வெட்டிக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பிள்ளை செத்துப் போயிருந்தால்?”

“தாயிட்டைக் கேட்டிருப்பன். ‘எங்கட விசுவாசம் இது, செய்யட்டோ’ எண்டு. ஓம் எண்டால் ஊத்தியிருப்பன்.”

“இல்லை எண்டால்?”

“மடியிலை வைச்சுச் செபிச்சிருப்பன்.”

“அப்ப அது மோட்சத்துக்குப் போகாதே.”

“தண்ணி படேல்லை எண்டு ஒரு பச்சைப்பிள்ளையை வெளியிலை விடுற ஆளோ அம்மா அவர்? நீங்கள் இவ்வளவு காலமும் அப்பிடி ஒராளிட்டையே செபிச்சனியள்?”

அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். படித்தவளை அல்ல, பெற்ற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. “உனக்கு வாய்தான்” என்றார். பிறகு மீனைக் கழுவத் தொடங்கினார். அவர் என்னோடு உடன்பட்டார் என்று நான் எழுதமாட்டேன். அடுத்த முறை நான் புறப்பட்டபோது, பிள்ளைக்கென்று தன் கையால் தைத்த ஒரு சட்டையைத் தந்தார்.

துடக்குக் கழிந்த பிறகு சரவணை அம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு நயினாதீவு அம்மன் கோயிலுக்கு நேர்த்தி தீர்க்கப் போனார். போவதற்கு முன் என்னிடம் சொன்னார். என் முகத்தில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று பார்த்தார் போலும். “கவனமாப் போட்டு வாங்கோ, வள்ளத்திலை காத்துப் படாமல் பிள்ளையின்ர தலையை மூடுங்கோ” என்றேன். எனக்கு வேறு சொல்ல இருந்தால், அவர் கேட்கிற நாளில் சொல்லிக்கொள்ளலாம். அவர் கேட்கவும் தொடங்கியிருந்தார். இப்போதெல்லாம் தேநீர் தந்தபின், “வேறை என்ன செய்தவராம் உம்மட ஆள்?” என்று கேட்டுவிட்டு எதிரில் இருப்பார்.

நயினாதீவில் இருந்து வந்ததும் என்னை அழைத்தார்.

“நாங்கள் வழமையா அர்ச்சனை செய்யிற ஐயர் வீட்டு மருமகள் பிள்ளைத்தாச்சி. முதல் பிள்ளை. அங்கை மிசி இல்லையாம். போற ஆக்கள் கடலைக் கண்டு ஓடி வந்திடுகினமாம். நான் உம்மைப் பற்றிச் சொன்னனான்.”

“என்ன சொன்னனியள்?”

“வேதக்காரிதான், அதை மறைக்கமாட்டாள் எண்டு சொன்னனான். ஆனால் கேக்காமல் ஒண்டும் செய்யமாட்டாள் எண்டும் சொன்னனான்.”

“அதுக்கு ஐயரம்மா?”

“யோசிக்க வேணும் எண்டவ.”

நான் நயினாதீவுக்கு மாற்றம் கேட்டேன். ஒருவரும் விரும்பிக் கேட்காத இடத்துக்கு மாற்றம் கேட்டால் காரணம் கேட்க மாட்டார்கள். என்னிடமும் கேட்கவில்லை. சரவணைக்கு வேறொருத்தி வந்தாள். நான் அவளை அந்த வீட்டுக்கு அழைத்துப்போய்க் கதிரையில் இருத்திவிட்டு வந்தேன்.

இதை நயினாதீவில், கோயில் வீதிக்குக் கொஞ்சம் தள்ளி வாடகைக்கு எடுத்த அறையில் இருந்து எழுதுகிறேன். ஞாயிறு பூசைக்குக் கடல் கடந்து போக வேண்டும். காற்று அடித்தால் வள்ளம் ஓடாது. அப்படியான நாட்களில் அறையில் இருந்தே செபிக்கிறேன். வந்த மறுநாள் காலை ஐயர் வீட்டுக்குப் போனேன். ஐயரம்மா வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன், நான் யார், எந்த ஊர், எந்தக் கோயில், அவர்களுடைய பிள்ளைக்கு என்னென்ன செய்வேன், எதைக் கேட்காமல் செய்யமாட்டேன் என்று.

அவர் உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். பிறகு என்னிடம், “செருப்பைக் கழட்டிப்போட்டு வாரும்” என்றார்.

கழற்றிவிட்டு உள்ளே போனேன்.